ஒரு செருகுநிரலின் சரித்திரமும் நானாட்டான் மாணவரும்

மன்னார்த் தீவை விட்டுப் பெருநிலப்பரப்புக்கு வந்து தென்கிழக்காகச் சென்றால், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்வெளிகளுக்கு நடுவே நானாட்டான் என்னும் ஊர் இருக்கிறது. நெல்லை நம்பி வாழும் ஊர். இந்த ஊருக்கும், அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு கம்பெனி எழுதிய ‘ஃபிளாஷ்’ என்னும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கக் கூடும். சம்பந்தம் உண்டு. அந்த மென்பொருளின் பிறப்பு, வளர்ச்சி, இறப்பு ஆகிய மூன்றும் எந்த ஆண்டுகளில் நிகழ்ந்தன, அதே ஆண்டுகளில் நானாட்டான் மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது விளங்கும்.

என்னிடம் ஓர் இறுவட்டு இருக்கிறது. விஞ்ஞான ஆசிரியரான நண்பர் ஒருவர், கொழும்பிலே தங்கியிருந்த காலத்தில், 2006ஆம் ஆண்டளவில் இரவிரவாக விழித்திருந்து செய்த தமிழ்ப் பாடங்கள் அதில் இருக்கின்றன. சந்திரனின் பிறைகள், இதயத்தின் வழியே இரத்தம் ஓடும் பாதை, எளிய மின்சுற்று என்று பல. படம் அசையும், பொத்தானை அழுத்தினால் மின்குமிழ் எரியும், பெயர்கள் தமிழிலே தோன்றும். அவர் இன்று இல்லை. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் அந்தப் பாடங்களை நினைவுச்சில்லு ஒன்றில் ஏற்றி வகுப்பு மாணவர்களுக்குக் கொடுத்தேன். மறுநாள் ஒரு பையன் வந்து, “சேர், இது போனில திறக்குதில்லை” என்றான். அவன் வீட்டிலே கணினி இல்லை. வகுப்பிலே அநேகமாக எவர் வீட்டிலும் இல்லை. கைத்தொலைபேசிதான் அவர்களுக்குக் கணினி. அந்தக் கைத்தொலைபேசியிலே நண்பரின் சந்திரன் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றுதான் இருந்தது. அந்தக் கட்டத்தின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

1993 ஜனவரியில் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் ஃபியூச்சர்வேவ் என்ற சிறு கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் பிரதான நிரலாளர் ஜொனதன் கே. அவர்கள் முதலில் செய்ய முனைந்தது என்ன தெரியுமா? பேனாவால் திரையைத் தொட்டு எழுதும் கையடக்கக் கணினிகளுக்கான ஒரு வரைதல் மென்பொருள்! அந்தக் கையடக்கக் கணினிகளுக்கான சந்தை முளையிலேயே கருகிப் போயிற்று. ஆகவே வரைதல் மென்பொருளைச் சாதாரணக் கணினிக்கு மாற்றினார்கள், அசைவைச் சேர்த்தார்கள், 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்ற பெயரில் அதை வெளியிட்டார்கள். மைக்ரோசொப்ட்டும் டிஸ்னியும் தங்கள் இணையத்தளங்களில் அதைப் பயன்படுத்தின. அந்த ஆண்டு முடிவதற்குள் மாக்ரோமீடியா என்னும் பெரிய கம்பெனி அதனை விலைக்கு வாங்கி, பெயரைச் சுருக்கி ‘ஃபிளாஷ்’ ஆக்கியது. கையிலே பிடிக்கும் கருவிக்காகக் கருக்கொண்டு, கையிலே பிடிக்கும் கருவியாலேயே பின்னர் மாண்டது என்பது இதன் சரித்திரத்திலுள்ள விசித்திரம்.

அது பரவியதற்குக் காரணம் இருந்தது. அக்காலத்தில் இணையம் தொலைபேசிக் கம்பியின் வழியே சொட்டுச் சொட்டாக வந்தது. ஒரு படத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பினால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஃபிளாஷோ, கோடு எங்கே தொடங்குகிறது, எப்படி வளைகிறது, எந்த நிறம் என்ற கணக்கை மட்டும் அனுப்பியது. பார்ப்பவரின் கணினியே படத்தை வரைந்துகொண்டது. 2000ஆம் ஆண்டு நிரல்மொழியொன்றும் அதனுடன் சேர்ந்தது. அதன்பின் கேலிச்சித்திரக்காரர், விளையாட்டுச் செய்வோர், பள்ளி ஆசிரியர், பதினைந்து வயதுச் சிறுவர் என்று எண்ணற்றோர், எந்தப் படப்பிடிப்பு நிலையத்தின் வாசலையும் மிதிக்காமல், தாமே ஆக்கித் தாமே வெளியிட்டனர். 2005இல் யூடியூப் தோன்றியபோது அதன் காணொளிகளும் ஃபிளாஷ் மூலமே ஓடின. மக்கள் கலை என்று நாம் மேடைதோறும் பேசுகிறோமே, அதன் ஒரு வடிவம் அங்கே ஓசையின்றி வளர்ந்துகொண்டிருந்தது.

தமிழனுக்கு இதிலே இன்னொரு வசதியும் இருந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் கணினித் தமிழ் என்பது சந்தைக்கடை இரைச்சல். இலங்கையிலே ‘பாமினி’ எழுத்துரு. தமிழ்நாட்டிலே ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வோர் எழுத்துரு. ஆர்வலர் கூடி உருவாக்கிய டிஸ்கி ஒருபுறம். 1999 பெப்ரவரியிலே சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாக வந்த டாம், டாப் குறியீடுகள் மறுபுறம். யூனிகோட் தரத்திலே 1991ஆம் ஆண்டே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டதெனினும், நடைமுறையில் அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. ஓர் ஊரில் தட்டெழுதிய கடிதம் மறு ஊரிலே ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இயங்கு எழுத்துரு என்றொரு மருந்தைச் சில இணையத்தளங்கள் கையாண்டன: எழுத்துருவும் பக்கத்தோடு கூடவே இறங்கிவரும். ஆனால் மைக்ரோசொப்ட்டின் உலாவிக்கு ஒரு வகை, நெட்ஸ்கேப்புக்கு வேறொரு வகை. நெட்ஸ்கேப் 2000ஆம் ஆண்டு தனது ஆறாம் பதிப்பிலே அந்த வசதியை எடுத்துவிட்டது. அதை நம்பியிருந்த பக்கங்கள் ஒரே இரவில் ஊமையாயின. ஆக, பிறர் கையிலுள்ள வசதியொன்று பறிக்கப்பட்டுத் தமிழ் வாசகன் திகைத்து நிற்பது ஃபிளாஷோடு தொடங்கிய கதையன்று.

ஃபிளாஷ் கோப்போ, எழுத்தின் உருவத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே சுமந்து சென்றது. பாமினியில் எழுதினாலும் சரி, வேறெதில் எழுதினாலும் சரி, பார்ப்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இருக்க வேண்டியதில்லை. ‘க’ என்றால் எங்கும் ‘க’தான். என் நண்பர் ஃபிளாஷைத் தேர்ந்தெடுத்ததற்கு அசைவு மாத்திரம் காரணமன்று. தமிழ் உடையாமல் மாணவனிடம் போய்ச் சேர வேண்டும் என்பதே பெரிய காரணம். அப்படிப் பொதிந்த தமிழைத் தேடவும் முடியாது, பிரதி எடுக்கவும் முடியாது என்பது உண்மை. பசித்தவன் சோற்றில் உப்புக் குறைவைப் பார்ப்பதில்லை.

இந்த வண்டிக்கு அச்சாணி ஒருவன் கையில் இருந்தது. உலாவியானது தானாக ஃபிளாஷை அறியாது. ‘பிளேயர்’ என்ற செருகுநிரலை அதனுள் பொருத்த வேண்டும். அந்தச் செருகுநிரலை எழுதுபவர் ஒரேயொரு கம்பெனி. இலவசமாகக் கொடுத்தார்கள், அதனால் அது பொதுச்சொத்து என்று உலகம் மயங்கிற்று. 2005 டிசம்பரில் அடோபி கம்பெனி மாக்ரோமீடியாவை முழுமையாக விழுங்கியபோது, கோடிக்கணக்கான கணினிகளில் குடியிருந்த அந்தச் செருகுநிரலும் சொத்தோடு சொத்தாகக் கைமாறியது. கோப்பின் அமைப்பை விளக்கும் ஆவணம் வெளியிடப்பட்டிருந்ததுதான். ஆனால் அதைப் படித்து வேறொருவர் பிளேயர் செய்யக்கூடாது என்ற நிபந்தனை 2008 மே மாதம்வரை அதிலே இருந்தது! கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் 2005 முதல் ‘நாஷ்’ என்ற பெயரில் மாற்றுப் பிளேயர் ஒன்றை முட்டி மோதிச் செய்து பார்த்தார்கள். அது முழுமை பெறவில்லை.

கட்டுக்கரைக் குளத்தின் துருசைப் பற்றி நானாட்டான் வாசகருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் நீர் திறப்பது என்பதைக் கூட்டம் கூட்டியே தீர்மானிக்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் நியாயம் எப்போதும் வெல்கிறதென்று நான் சொல்லமாட்டேன். எனினும் கடைசி வாய்க்கால்காரனும் எழுந்து நின்று சத்தம் போடலாம். ஃபிளாஷின் துருசு எப்போது மூடப்படும் என்று தீர்மானித்த கூட்டத்திலே, அதிலே விதைத்தவன் எவனுக்கும் ஆசனம் இருக்கவில்லை.

இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம். 2003இலேயே ஜப்பானில் சில கைத்தொலைபேசிகளில் ‘ஃபிளாஷ் லைட்’ என்ற சிறு வடிவம் பொருத்தப்பட்டது. பிறகு நோக்கியா கருவிகள் பலவற்றிலும் வந்தது. 2007இல் ஆப்பிள் கம்பெனி ஐபோனை வெளியிட்டபோது அதிலே ஃபிளாஷ் இல்லை. 2010இல் வந்த ஐபேடிலும் இல்லை. கூகுளின் அண்ட்ரொயிட் கருவிகளோ, 2010இல் முழு ஃபிளாஷையும் ஏற்று, அதையே ஐபோனுக்கு எதிரான விளம்பரமாகவும் ஆக்கிக்கொண்டன.

2010 ஏப்ரல் 29ஆம் திகதி ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ், ஃபிளாஷை ஏன் ஏற்கவில்லை என்று ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தை முதலாளியின் சூழ்ச்சி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஃபிளாஷ் கருவியின் மின்கலத்தை விரைவாகத் தீர்க்கிறது என்றார், உண்மை. அடிக்கடி செயலிழக்கிறது, பாதுகாப்பு ஓட்டைகள் நிறைந்தது என்றார், அதுவும் உண்மை. சுட்டெலிக்காக அமைந்த ஆக்கங்கள் விரலால் தொடும் திரைக்குப் பொருந்தா என்றார். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் கடிதத்தின் முதற் காரணமாக அவர் கூறியது, ஃபிளாஷ் ஒரே கம்பெனியின் தனிச்சொத்து, இணையமோ திறந்ததாக இருக்க வேண்டும் என்பது. இதைச் சொன்னவர் யார்? தனது கடையின் வழியாகவன்றி வேறெவ்வழியாலும் எந்தச் செயலியும் ஐபோனுக்குள் நுழைய முடியாதபடி வேலி போட்டு, விற்பனையில் நூற்றுக்கு 30 பங்கை வாங்கிக்கொண்டிருந்த கம்பெனியின் தலைவர். ஃபிளாஷ் காணொளிக்குப் பதிலாக அவர் பரிந்துரைத்த முறைக்கும் காப்புரிமைக் கூட்டமைப்பு ஒன்று கட்டணம் வசூலித்து வந்தது. அடோபியும் சும்மா இருக்கவில்லை. மறு மாதமே நாளிதழ்களில் விளம்பரம் செய்து, சுதந்திரத்தின் பெயரால் தன் கட்சியைப் பேசியது. இரண்டு மிராசுதாரர்கள் வரப்புக்காகச் சண்டையிடும்போது இருவருமே ‘ஊர் நன்மை’ என்றுதான் பேசுவார்கள்.

முடிவு விரைவில் வந்தது. 2011 நவம்பர் 9ஆம் திகதி, கைத்தொலைபேசி உலாவிகளுக்கான ஃபிளாஷை இனி வளர்க்கப்போவதில்லை என்று அடோபி அறிவித்தது. முந்திய நாள், ஏறத்தாழ 750 ஊழியர்களை வேலை நீக்கம் செய்யப்போவதாகவும் அறிவித்திருந்தது. கம்பெனியின் சரித்திரம் எழுதுவோர் இந்த இரண்டாவது செய்தியை அடிக்குறிப்பாகவும் போடுவதில்லை. 2012 ஓகஸ்ட் 15 முதல் அண்ட்ரொயிட் கடையிலே புதிதாக ஃபிளாஷை இறக்கிக்கொள்ளும் வழியும் அடைக்கப்பட்டது. என் மாணவன் என்னிடம் வந்து முறையிட்டதெல்லாம் அதற்குப் பின்னர்தான். நானாட்டான் கடைத்தெருவிலே கைத்தொலைபேசி திருத்தும் இளைஞர் ஒருவர், பழைய பதிப்பொன்றைத் தன் நினைவுச்சில்லிலிருந்து அவனுடைய கருவிக்கு ஏற்றிப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஓடியது. கருவி சூடேறி அணைந்துபோயிற்று.

இப்பொழுது ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

1914இல் திறக்கப்பட்ட தலைமன்னார்ப் புகைவண்டிப் பாதை, போரின் காரணமாக 1990இல் செத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார் மாவட்டத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். 1995இல் கொழும்பிலே வர்த்தக இணைய சேவை தொடங்கியது. அப்போது வன்னிப் பெருநிலப்பரப்பின் பல பகுதிகளுக்கு எரிபொருளும் மின்கலமும் கொண்டுபோகக்கூடத் தடை. ஃபிளாஷ் பிறந்த 1996இலும், அதற்கு நிரல்மொழி வந்த 2000இலும் மன்னார் மக்கள் ஷெல்லுக்கும் சோதனைச்சாவடிக்கும் இடம்பெயர்வுக்கும் இடையே காலந்தள்ளினார்கள். 2006இல் கொழும்பில் மூன்றாந் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவை வந்தது. தெற்காசியாவிலேயே முதலாவது என்று பெருமை பேசப்பட்டது. அதே ஆண்டு போர் மீண்டும் மூண்டது. 2009 மே மாதம் முடிந்தது. மக்கள் திரும்பி வந்து, கூரை போட்டு, காடாகிக் கிடந்த வயலைத் திருத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, ஒருவாறு மூச்சுவிட்டு, முதலாவது தொடுதிரைக் கைத்தொலைபேசியை வாங்கிய நேரம் எது? 2011, 2012, 2013. ஃபிளாஷ் கைத்தொலைபேசியிலிருந்து பிடுங்கப்பட்ட நேரம். புகைவண்டி தலைமன்னார்வரை மீண்டும் ஓடியது 2015 மார்ச்சில்.

மற்றைய ஊர்களிலே மக்கள் கணினியைக் கண்டு, பிறகு கைத்தொலைபேசியைக் கண்டார்கள். நானாட்டானிலே பெரும்பாலோருக்குக் கணினி என்ற படியே இல்லை. நேரே கைத்தொலைபேசிக்குத் தாவினார்கள். ஆகவே கொழும்பு மாணவன் பதினைந்து ஆண்டு ஆண்டு அனுபவித்துவிட்டு இழந்த ஒன்றை, நானாட்டான் மாணவன் அனுபவிக்காமலேயே இழந்தான். ‘தொழில்நுட்பம் முன்னேறுகிறது, பழையது கழிகிறது, இதில் அழ என்ன இருக்கிறது?’ என்று கேட்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். பழையது கழியட்டும். தனக்கு வந்து சேராத ஒன்றை எப்படி ஐயா ஒருவன் ‘பழையது’ என்பான்?

2017 ஜூலை 25ஆம் திகதி அடோபி, 2020 இறுதியோடு ஃபிளாஷை முற்றாக நிறுத்துவதாக அறிவித்தது. மூல நிரலைப் பொதுமக்களிடம் ஒப்படையுங்கள், நாங்கள் காப்பாற்றிக்கொள்கிறோம் என்று நிரலாளர் பலர் கையெழுத்திட்டு மனுச் செய்தார்கள், ஒப்படைக்கப்படவில்லை. அறிவித்தபடி 2020 டிசம்பர் 31 வந்தது. 2021 ஜனவரி 12 முதல், ஏற்கனவே பொருத்தப்பட்டிருந்த பிளேயர்களும் கோப்புகளைத் திறக்க மறுத்தன. அந்த மறுப்பை முன்கூட்டியே நிரலுக்குள் எழுதி வைத்திருந்தார்கள். சீனாவின் டாலியன் நகரிலே புகைவண்டிப் பகுதியொன்றின் கணினிகள் அன்று திணறின. பழைய பதிப்பைத் தேடிப் பொருத்தித்தான் சமாளித்தார்கள். தென்னாபிரிக்க வருமான வரித் திணைக்களம், தனது படிவங்களை நிரப்புவதற்கென்றே ஃபிளாஷ் ஓடும் தனி உலாவி ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று. அரசாங்கம் உலாவி செய்துகொள்ளும். இறந்துபோன ஓர் ஆசிரியருக்காக யார் செய்வார்?

அந்த 2020ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில்தான் கொள்ளை நோயின் காரணமாக இலங்கைப் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. ஒரு வீட்டில் ஒரு கருவி, மூன்று பிள்ளைகள், தகப்பன் அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் அன்று பள்ளி இல்லை. தொட்டு விளையாடிக் கற்கும் தமிழ்ப் பாடங்கள் எங்கே என்று ஆசிரியர்கள் தேடிய அந்த மாதங்களில், முன்பு செய்யப்பட்டவை பூட்டிக் கிடந்தன.

ஒன்றை நியாயமாகக் கூற வேண்டும். எல்லாம் அழியவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வைமன் 2002இல் தொடங்கிய ‘ஃபெட்’ என்னும் திட்டத்தின் விஞ்ஞானப் பாவனைகள் முன்னர் ஃபிளாஷிலும் ஜாவாவிலும் இருந்தன. அவற்றுள் மிகப் பலவற்றைத் திறந்த தரமான எச்.டி.எம்.எல். ஐந்துக்கு மாற்றி எழுதினார்கள். இன்று அவை கைத்தொலைபேசியில் ஓடுகின்றன, தமிழிலும் கிடைக்கின்றன. அவர்களுக்கு மானியம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், மூல நிரலும் கையில் இருந்தது. என் நண்பரின் பாடங்களுக்கு மூலக் கோப்பே இல்லை. அது அவருடைய கணினியின் வன்தட்டோடு போயிற்று. எஞ்சியிருப்பது அச்சிட்ட நூலைப் போன்ற இறுதிக் கோப்பு மட்டும், திருத்த முடியாது.

காப்பாற்றியவர்கள் கம்பெனிகள் அல்லர். ‘ஃபிளாஷ்பாயின்ட்’ என்ற பெயரில் தொண்டர்கள் 2018 முதல் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆக்கங்களைத் திரட்டி வைத்தார்கள். வேறு சில நிரலாளர்கள் ‘ரஃபிள்’ என்ற கட்டற்ற பிளேயரை எழுதினார்கள். எந்தச் செருகுநிரலும் வேண்டாமல் உலாவிக்குள்ளேயே அது ஃபிளாஷை ஓட்டும். இணைய ஆவணக் காப்பகம் 2020 நவம்பரில் அதைக்கொண்டு பழைய ஆக்கங்களை மீண்டும் காட்டத் தொடங்கியது. நமக்கு இது புதிய விதமான வேலையன்று. 1981இலே யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததைக் கண்ட சமூகம் நாம். 2005 முதல் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தார் ஈழத்துப் பத்திரிகைகளையும் பிரசுரங்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து வருகிறார்கள். அவர்கள் படியெடுக்கும் தாள் எவருடைய அனுமதியுமின்றித் திறக்கும். அசையும் பாடங்களை அவ்வாறு திரட்டுவோர் நம்மிடையே மிகச் சிலர். ஆசிரியர் வீடுகளிலே, பள்ளி அலுமாரிகளிலே, கறள் பிடித்த பெட்டிகளிலே இப்படி எத்தனை இறுவட்டுகள் கிடக்கின்றன? இறுவட்டுக்கும் ஆயுள் உண்டு, பூஞ்சணம் காத்திராது.

சென்ற விடுமுறையில் ரஃபிளைப் பொருத்தி நண்பரின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பிந்திய நிரல்மொழியில் எழுதியவை சில திறக்கவில்லை, முந்தியவை திறந்தன. பத்தாந் தரத்து மாணவி ஒருத்தியின் கைத்தொலைபேசியிலே சந்திரன் பூமியைச் சுற்றி வந்தது. பாமினி எழுத்துகள் ஒன்றும் உடையவில்லை. பிறைகளின் பெயர்கள் மட்டும் தோன்றவில்லை: சுட்டெலியின் நுனி அருகே வரும்போது பெயர் தெரிய வேண்டும் என்று நண்பர் அமைத்திருந்தார், விரலுக்கு நுனி இல்லை. ஜொப்ஸ் அந்த ஓரிடத்திலே சரியாகத்தான் சொல்லியிருந்தார். அவள் இரண்டு மூன்று தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை சேர், பேர் எனக்குத் தெரியும்” என்று சொல்லி, அமாவாசையிலிருந்து பூரணைவரை தன் கொப்பியிலே ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள்.